நூற்பந்தும் கைவேலை வேளையும்

“கடைக்குச் சென்றால் ஒரு நிமிடத்தில் பந்து வாங்கிவிடலாம். அதற்காக யாராவது ஒரு மாதம் உட்கார்ந்து தைப்பார்களா, அத்தை?”

எங்கள் அடுக்ககத்தில் வசிக்கும் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் இவ்வாறு கேட்டான். அப்போது என் மடியில் பாதி தைத்த நூற்பந்து ஒன்று இருந்தது. அவனது கேள்வி நியாயமானதே. அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. ஆகவே, அக்கேள்விக்கு இங்கே விரிவாக விடை கூற விழைகிறேன்.

புனே நகரில் உள்ள எங்கள் குடியிருப்பில், தையலில் ஆர்வமுடைய பத்துப் பேர் ஞாயிறுதோறும் மாலையில் கூடுவோம். மராத்தியரும் வங்காளியரும் தமிழரும் அக்குழுவில் உள்ளனர். சென்ற ஆண்டு நாங்கள் ‘தெமாரி’ என்னும் ஜப்பானிய நூற்பந்தைச் செய்யக் கற்றுக்கொண்டோம். ஜப்பானிய மொழியில் ‘தெ’ என்றால் கை. ‘மாரி’ என்றால் பந்து. மழையைக் குறிக்கும் நம் மாரிக்கும் இந்த மாரிக்கும் தொடர்பில்லை.

தெமாரி முதலில் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. பழைய கிமோனோ ஆடைகளின் கந்தலைச் சுருட்டி, அதன்மேல் நூலை இறுகச் சுற்றிப் பந்தாக்கினர். எடோ காலத்தில் (1603–1868) பருத்தி நூல் எளிய மக்களுக்கும் கிடைக்கத் தொடங்கியது. தெமாரியும் சிற்றூர்கள் வரை பரவியது. ரியோகன் (1758–1831) என்னும் துறவி, தம் அங்கியின் கையில் தெமாரியை வைத்திருந்து, வழியில் காணும் பிள்ளைகளோடு விளையாடியதாகக் கூறுவர். அவர் சிறந்த கவிஞரும் ஆவார்.

அப்பந்து செய்யப்படும் முறையை அறிந்தால் என் கருத்து உங்களுக்கு எளிதில் விளங்கும். முதலில் உமியை மெல்லிய தாளில் பொதிந்து உருண்டையாக்க வேண்டும். கந்தல் துணியும் ஆகும். அதன்மேல் கம்பளி நூலையும், பிறகு மெல்லிய தையல் நூலையும் சுற்ற வேண்டும். ஒரே திசையில் சுற்றினால் மேடு தோன்றிவிடும். எனவே, உருண்டையைத் திருப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். நன்கு உருண்ட பந்து கிடைப்பதற்கே ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடும்.

அடுத்தது அளத்தல். இதற்கு அளவுகோல் வேண்டுவதில்லை; ஒரு தாள் நாடா போதும். நாடாவைப் பந்தைச் சுற்றி வைத்துச் சுற்றளவுக்குச் சரியாக வெட்ட வேண்டும். அதை இரண்டாக மடித்தால் வடதுருவத்திலிருந்து தென்துருவம் வரையுள்ள தொலைவு கிடைக்கும். நான்காக மடித்தால் நடுக்கோட்டின் இடம் கிடைக்கும். எட்டாக மடித்தால் நடுக்கோட்டை எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கலாம். என் பந்தின் சுற்றளவு 24 செ.மீ.; ஆகவே, ஒவ்வொரு பகுதியும் 3 செ.மீ. ஆயிற்று. குறித்த இடங்களில் குண்டூசிகளைக் குத்தி, அவற்றின் வழியே சரிகை நூலை ஓட்டினால், புவிக்கோளத்தில் காணும் கோடுகளைப் போன்ற கோடுகள் பந்தில் தோன்றும். அக்கோடுகளைத் துணையாகக் கொண்டே வண்ண நூலால் பூ வடிவத்தைத் தைக்க வேண்டும். ஜப்பானியர் பெரிதும் விரும்புவது ‘கிக்கு’ என்னும் செவ்வந்திப் பூ வடிவமாகும்.

என் முதல் பந்தில் நான் பிழை செய்தேன். தென்துருவத்தில் குத்திய குண்டூசி சிறிதே நகர்ந்திருந்தது. “இவ்வளவுதானே!” என்று தைத்துக்கொண்டே சென்றேன். துணியில் பூ தைக்கும்போது சிறு பிழையை ஓரத்தில் மடித்து மறைத்துவிடலாம். பந்துக்கோ ஓரம் என்பது இல்லை. எங்கிருந்து புறப்பட்டோமோ அங்கேயே வந்து சேர வேண்டும். முதல் கோட்டில் செய்த பிழை கடைசி இதழில் என்னை எதிர்கொண்டது. எட்டு இதழ்களுள் ஒன்று மெலிந்து போயிற்று.

அப்பிழையை முதலில் கண்டவர், மேசைக்கு எதிரே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர். ஓய்வுபெற்ற பொறியாளரான அவர், “உங்கள் தென்துருவம் இடம் மாறிவிட்டது” என்றார். பந்தின் இரு துருவங்களையும் ஒருவர் ஒரே நேரத்தில் காண முடியாது. என் கண்ணுக்குத் தெரியாத பாதி, எதிரே இருப்பவரின் கண்ணுக்குத் தெரியும். இவ்வகை வேலையைக் குழுவாக அமர்ந்து செய்வதன் பயன் எனக்கு அன்றுதான் விளங்கியது. இரண்டு வாரம் தைத்ததை அன்று மாலையே பிரித்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால், கோளம் என்றால் என்ன என்பதைப் பள்ளியில் படித்தபோது அறிந்ததைவிட அன்று தெளிவாக அறிந்தேன்.

தெமாரியில் இதைவிடக் கடினமான பிரிப்புகளும் உண்டு. ஒருவகைப் பிரிப்பில் 15 பெருவட்டங்கள் பந்தைச் சுற்றிச் செல்லும். அவை பத்துக் கோடுகளாகக் கூடும் இடங்கள் 12 இருக்கும். கறுப்பு வெள்ளைக் கால்பந்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள 12 ஐங்கோணங்களும் இதே அமைப்பில்தான் அமைந்துள்ளன. மேல் வகுப்புகளில் வடிவியல் கற்கும்போது நீங்கள் படங்களில் காணவிருக்கும் இவ்வமைப்பை, தெமாரி செய்வோர் ஒரு தாள் நாடாவையும் சில குண்டூசிகளையும் கொண்டு கையாலேயே கண்டறிகின்றனர்.

இங்கே மற்றொரு செய்தியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மெய்ஜி காலத்தில் (1868–1912) ஜப்பானில் ரப்பர் பந்துகள் பெருகின. அவை உயரத் துள்ளின. பிள்ளைகள் அவற்றையே விரும்பினர். விளையாடுவதற்கு நூற்பந்து தேவைப்படாமல் போயிற்று. தேவை போனபின் கலையும் போயிருக்கலாம். ஆனால், தெரிந்தவர்கள் தெரியாதவர்களை அருகில் அமர்த்திக் கற்பித்தனர். இன்றும் ககாவா மாநிலத்தில் உமியை உள்ளே பொதிந்து, செடிகளிலிருந்து எடுத்த சாயம் ஏற்றிய பருத்தி நூலால் தெமாரி செய்கின்றனர். மட்சுமோட்டோ நகரில், தெருவிலுள்ள பாதாளச் சாக்கடை மூடிகளிலும் தெமாரி வடிவத்தைப் பொறித்துள்ளனர்.

நம்மிடமும் இத்தகைய பந்து இருந்தது. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் ‘வரிப்பந்து’ என்னும் சொல் வருகிறது. நூலால் வரிந்து கட்டிய பந்து என்பது அதன் பொருள். உயர்ந்த மாடங்களில் மகளிர் அப்பந்தை ஆடினர் என்பதை அந்நூலால் அறிகிறோம். அச்சொல்லை நான் கல்லூரியில் படித்தேன். தேர்வில் பொருளும் எழுதினேன். ஆனால், வரிப்பந்தை எவ்வாறு வரிவது என்று எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. நூலை வரிந்து பந்து செய்யும் முறையை நான் ஜப்பானியரின் கலையிலிருந்துதான் கற்க நேர்ந்தது. சொல்லை ஏடு காத்துக் கொடுத்தது. செய்முறையை ஏட்டால் முழுமையாகக் காக்க இயலாது. ஒரு கை மற்றொரு கைக்குக் காட்டித்தான் அது வாழ வேண்டும்.

ஆகவேதான், பள்ளியில் கைவேலை வேளையைக் குறைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. தேர்வு நெருங்கியவுடன் கைவேலை வேளை கணக்கு வேளையாக மாறிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். “கணக்கு மதிப்பெண் தரும், கைவேலை என்ன தரும்?” என்று பெற்றோரும் கேட்கின்றனர். அவர்களது கவலை எனக்குப் புரிகிறது. வெளிமாநிலத்தில் வாழும் நம்மைப் போன்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பே பெருஞ்செல்வம். எனினும், கைவேலை வேளையில் நடப்பதும் படிப்புதான் என்பதை அவர்களுக்கு அன்போடு நினைவூட்ட விரும்புகிறேன். பந்தை எட்டாகப் பிரிப்பவர் பின்னத்தைக் கையால் தொட்டு உணர்கிறார். பிழையைப் பிரித்து மீண்டும் தைப்பவர், தவற்றை ஒப்புக்கொள்ளவும் பொறுமையாகத் திருத்தவும் பழகுகிறார். இவற்றுக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் மதிப்பு உண்டு.

எல்லாரும் தெமாரி செய்ய வேண்டும் என்று நான் கூறவில்லை. சிலருக்கு மண்பாண்டம் பிடிக்கும். சிலருக்குத் தச்சு வேலை பிடிக்கும். விரலில் ஊசி குத்தும்போது எனக்கே சலிப்பு வருவதுண்டு. ரப்பர் பந்தின் மீதும் எனக்குப் பகையில்லை. மட்டைப்பந்து ஆடுவதற்கு நூற்பந்து உதவாது. ஆயினும், வாரத்தில் ஒரு வேளையாவது தொடங்கிய ஒன்றைத் தம் கையாலேயே செய்து முடிக்கும் வாய்ப்பு ஒவ்வொரு மாணவருக்கும் கிடைத்தல் வேண்டும். உங்கள் வீட்டில் பாட்டியோ அத்தையோ பூக்கட்டவும், பாய் பின்னவும், கூடை முடையவும் அறிந்திருக்கலாம். அவர்கள் ஊரிலிருந்து வரும்போது அருகில் அமர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ஏட்டில் இல்லாத பாடம் அவர்கள் விரல்களில் இருக்கிறது.

கேள்வி கேட்ட அம்மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த ஞாயிறு அவன் எங்கள் குழு கூடும் இடத்திற்கு வந்தான். ஊசியைத் தொடவில்லை, எனக்கு எதிரே அமர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். சிறிது நேரம் கழித்து, “அத்தை, இந்தப் பக்கம் ஒரு கோடு வளைந்திருக்கிறது” என்றான். நான் பந்தைத் திருப்பிப் பார்த்தேன். அவன் சொன்னது சரியாகவே இருந்தது.