மான் தலை நிமிர்ந்தால் வண்டி நிற்கட்டும்

கோடியக்கரையில் பொழுது சாய்கிறது. புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்த வெளிமான்கள் ஒவ்வொன்றாகத் தலை நிமிர்கின்றன. முறுக்குக் கொம்புள்ள ஆண்மானின் கரிய முதுகில் கடைசி வெயில். கேமராவோடு வண்டியில் இருப்பவருக்கு மனம் துடிக்கத்தான் செய்யும். அந்த ஆசையில் குற்றமில்லை. ஆனால், அந்த மான் தலை நிமிர்ந்ததே நம்மைப் பார்த்துத்தான்.

வெளிச்சம் மங்க மங்க ஷட்டர் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது. மான் சற்று அசைந்தாலும் படம் கலங்கிவிடுகிறது. கேமராவின் ஒளியுணர்திறனை (ஐ.எஸ்.ஓ.) கூட்டினால் படம் புள்ளி புள்ளியாகிறது. உடனே, "இன்னும் கொஞ்சம் கிட்ட போங்கண்ணே" என்கிறோம். வண்டி பாதையை விட்டுப் புல்லில் இறங்குகிறது. பிறந்து சில நாளே ஆன குட்டி ஓடாது. புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும். அரையிருட்டில் அது ஓட்டுநரின் கண்ணில் படாது. மிரண்டு சிதறும் கூட்டத்துக்கோ நாய்கள் காத்திருக்கின்றன. வெளிச்சம் போதவில்லை என்று, பார்வையை நம்பி வாழும் விலங்கின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பதோ அதன் காவலையே பறிப்பதாகும்.

கோடியக்கரை 1967இல் சரணாலயமானதே முதன்மையாக இந்த வெளிமானுக்காகத்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. சரணாலயத்தில் விலங்குகளைச் சீண்டுவதையும் தடுக்கிறது. சீமைக்கருவேலம் ஏற்கெனவே புல்வெளியைச் சுருக்கிவருகிறது. மிச்சமிருக்கும் வெளியிலாவது வெளிமான் நிம்மதியாக மேய வேண்டும்.

இந்தப் பொறுப்பை வனத்துறையின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. படமெடுப்பவர் பாதையிலேயே வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்கட்டும். அதிர்வு நின்றால் படமும் தெளியும். ஜன்னல் விளிம்பில் பயறு நிரப்பிய ஒரு பையை வைத்து அதன்மேல் லென்ஸைத் தாங்கினால் கைநடுக்கமும் குறையும். நெருங்கிப் போகச் சொல்லி ஓட்டுநரிடம் கூடுதல் பணத்தை நீட்ட வேண்டாம். "போகக் கூடாது சார்" என்று அவர் சொன்னால் நன்றி சொல்வோம். நுழைவாயிலிலேயே இவற்றை ஐந்து நிமிடம் எடுத்துச் சொல்ல வனத்துறை ஏற்பாடு செய்யட்டும். படத்தை வெளியிடும் பத்திரிகைகளும் பரிசளிக்கும் நடுவர்களும், அது எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்கட்டும். பார்த்து ரசிக்கும் நாமும், மிரண்டு ஓடும் மானின் படத்துக்குக் கைதட்டும் முன் ஒரு கணம் யோசிப்போம்.

எல்லோருக்கும் பொதுவாக ஓர் அளவுகோல் போதும். மான் மேய்ச்சலை நிறுத்தித் தலை நிமிர்ந்தால், அதுவே நம் எல்லை, அங்கேயே நிற்போம். அது மீண்டும் குனிந்து புல்லைக் கடிக்கும்வரை காத்திருப்போம். அதற்குள் வெளிச்சம் போய்விட்டால் கேமராவை மூடிவைத்துத் திரும்புவோம். படம் இல்லாமல் திரும்பினாலும், நாம் வந்ததால் ஒரு மானின் மேய்ச்சல் கெடவில்லை என்ற நிறைவு நம்மோடு வரும்.