கண்ணாடி அச்சும் கைப்பயிற்சியும்

ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பேட்டைகளிலிருந்து வரும் கைக்காயங்களில், பிரஸ் இயந்திரத்தில் சிக்கி விரல் நசுங்கியவையே எங்களை மிகவும் வருத்துகின்றன. எலும்பு கூடித் தையல் பிரித்த பின்பும், அக்கையைத் துண்டுக்குள் மறைத்தபடி அமர்ந்திருப்போர் உண்டு. ரப்பர்ப் பந்தை அழுத்திப் பழகுமாறு கூறி அனுப்புகிறோம். சில வாரங்களில் பந்து அலமாரிக்குள் போய்விடுகிறது. இதற்காக நோயாளியைக் கடிந்துகொள்வது முறையன்று. நூறு முறை அழுத்தினாலும் பந்து பந்தாகவே இருக்கிறது. செய்த வேலைக்குக் கண்முன் ஓர் அடையாளமும் இல்லை.

ஆகவே, பயிற்சியோடு வாழ்த்து அட்டையும் செய்யுங்கள் என்கிறோம். அதிலும் கண்ணாடிப் பிம்ப அச்சு முறை கைக்கு மிகவும் ஏற்றது. பறவையோ, நம் ஓசூர் ரோஜாவோ செதுக்கிய ரப்பர் முத்திரை ஒன்று. அதைவிடப் பெரியதாய், எதுவும் செதுக்காத வழவழப்பான ரப்பர்த் துண்டு ஒன்று. மெதுவாக உலரும் மை. இவை போதும். முத்திரையில் மை தடவி முதலில் அட்டையில் பதியுங்கள். மீண்டும் மை தடவி, இம்முறை வெற்று ரப்பரின் மேல் பதியுங்கள். மை காயுமுன் அதன்மீது வாயால் ஒருமுறை ஊதி ஈரமாக்கி, அந்த ரப்பரை அட்டையில் முதல் படத்தின் அருகே ஒற்றுங்கள். இடப்புறம் பார்த்த பறவை வலப்புறம் திரும்பி, இரண்டும் எதிரெதிரே நிற்கும். இரண்டாவது சற்று வெளிறியே விழும். நீரில் தெரியும் நிழல்போல் அதுவும் அழகுதான். எழுத்துகளுக்கு இம்முறை உதவாது, இடவலம் மாறித் திரும்பிவிடும்.

மருத்துவர் கண்ணுக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. அழுத்தம் மிகுந்தால் விளிம்பு கலங்கும். குறைந்தால் நடுவே வெற்றிடம் விழும். சுண்டுவிரல் பக்கம் வலுவில்லையெனில் படத்தின் அப்பக்கம் மங்கும். விரல்நுனிப் பிடி, உள்ளங்கை அழுத்தம், அட்டையை அசையாமல் பிடிக்கும் மறுகை ஆகிய மூன்றும் ஒரே வேலையில் சேர்கின்றன.

‘கண்ணாடி’ என்ற சொல்லால் ஒரு குழப்பம் நேரலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் கண்ணாடிப் பெட்டிச் சிகிச்சையை அறிமுகப்படுத்தினார். கையை இழந்தவர், இருக்கும் கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்தில் கண்டு, இல்லாத கையில் உணரும் வலி தணியச் செய்யும் முயற்சி அது. பின்னர் பக்கவாதத்தால் தளர்ந்த கைக்கும் அம்முறை பயன்படுத்தப்பட்டது. நாங்கள் கூறும் அச்சு அந்தச் சிகிச்சை அன்று. இயன்முறைப் பயிற்சிக்கு மாற்றும் அன்று.

புண் ஆறாதவர்களும், நரம்போ தசைநாணோ தைக்கப்பட்டவர்களும் மருத்துவர் அனுமதித்த பின்பே தொடங்க வேண்டும். உணர்ச்சி குன்றிய விரல்களுக்கு அழுத்தத்தின் அளவு தெரியாது. பத்து நிமிடத்துக்கொருமுறை தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். வலி மிகுந்தால் நிறுத்திவிடுங்கள்.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். மை மூடியைத் திறந்து கொடுங்கள், அட்டையை மடித்துத் தாருங்கள். அச்சை மட்டும் நீங்கள் பதித்துவிடாதீர்கள். கோணலாக விழுந்தால் விழட்டும். பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்பும் வழக்கம் நம் வீடுகளில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இவ்வாண்டு அதை அந்தக் கையே அனுப்பட்டும். முதல் அட்டையை மட்டும் யாருக்கும் கொடுக்காமல், பின்புறம் தேதியிட்டு, அடுத்த பரிசோதனைக்கு வரும்போது கொண்டுவாருங்கள். அன்று பதிக்கும் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.