சேரி ஒன்று, எழுத்துக்கூட்டல் பல

'சேரி என முடியும் ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைச் சீராக்குக.' என் ஆய்வேட்டு வரைவின் ஓரத்தில் மதிப்பீட்டாளர் ஒருவர் இட்ட குறிப்பு இது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், இதை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை.

நான் வசிக்கும் மட்டாஞ்சேரிக்கும், புதுச்சேரிக்கும் ஆங்கிலத்தில் இரட்டை 'ஆர்'. சென்னை வேளச்சேரிக்கு ஒற்றை 'ஆர்'. தலச்சேரிக்கு ஒற்றை 'ஆர்'. 'சிஎச்' வரவேண்டிய இடத்தில் இரட்டை 'எஸ்'. அதே ஊரின் பழைய பெயரான டெல்லிச்சேரியில் 'சிஎச்', இரட்டை 'ஆர்' இரண்டும் உண்டு. மிளகு வணிகத்தில் இன்றும் அந்த வடிவமே வழங்குகிறது.

இவ்வேறுபாடுகள் ஒரே தன்மையன அல்ல. 'சிஎச்', 'எஸ்' வேறுபாட்டுக்கு ஒலியியல் காரணம் உண்டு. மலையாளத்தில் மட்டாஞ்சேரியின் மெல்லினத்தை அடுத்துச் சகரம் வெடிப்பொலியாக நிற்கிறது. தலச்சேரியில் அது உரசொலியாகி இரட்டிக்கிறது. இரட்டை 'ஆர்' வெறும் வழக்கு. அது வாசகரைத் திசைதிருப்பவும் செய்கிறது: ஆங்கிலத்தார் அதைச் செர்ரிப் பழம்போலக் குறிலாக வாசிப்பர், நம் சேரியிலோ ஏகாரம் நெடில்.

ஒலிப்படி திருத்திவிடலாமே என்பீர்கள். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப்பெயர்களை அவ்வாறு திருத்தி வெளியிட்டது. விமர்சனங்கள் எழவே சில நாள்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. பாண்டிச்சேரி 2006இல் புதுச்சேரியான பின்னும் அங்குள்ள மத்தியப் பல்கலைக்கழகம் பழைய பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆங்கிலச் சொற்களின் விகுதிகளும் இப்படித்தான். 'டிபெண்டபிள்' என்பதற்கு 'ஏ', 'ரெஸ்பான்சிபிள்' என்பதற்கு 'ஐ'. செவிக்கு இரண்டும் ஒன்றே. முன்னது ஆங்கில வினையோடு விகுதி சேர்ந்து உருவானது. பின்னது இலத்தீன் வழியே முழுச்சொல்லாக வந்தது. இங்கு எழுத்து காட்டுவது ஒலியை அன்று, சொல் வந்த வழியை.

ஆகவே நான் பின்பற்ற விரும்பும் நெறி இது: மேற்கோளிலும் ஆவணத் தலைப்பிலும் மூலத்தின் எழுத்துக்கூட்டல், என் உரையில் இன்றைய அலுவல் வடிவம், முதன்முறை குறிப்பிடுகையில் ஊரின் சொந்த எழுத்தில் பெயர். டெல்லிச்சேரி என்ற தலைப்பிலுள்ள ஆவணத்தைத் தலச்சேரி எனத் திருத்திச் சுட்டினால், என் அடிக்குறிப்பை நம்பிச் செல்லும் அடுத்த மாணவர் அதைக் கண்டடையமாட்டார். பக்கம் சீராகத் தெரிவதற்காக அவருடைய வழியை அடைப்பது எனக்கு உடன்பாடில்லை.