சாப்பிட்டாயா?

தலைமை என்றதும் நம் நினைவுக்கு வருவன மேடையும் ஒலிபெருக்கியும் பொன்னாடையுமே. நம் கல்லூரிப் பேரவை விழாவும் இதற்கு விலக்கன்று!

பள்ளிப் படிப்பை முடிக்க இயலாத காமராசர் 1954இல் முதலமைச்சரானார். பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குப் பசியும் ஒரு காரணம் என்று கண்டார். 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. அதில் ஊர்மக்களின் நன்கொடைக்கும் பங்குண்டு. 1982இல் அது சத்துணவாக விரிந்தது. 2022இல் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. சத்துணவுத் தட்டில் உண்டு படித்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர், நானும் ஒருவன்.

பத்தாம் வகுப்போடு அந்தத் தட்டு நின்றுவிடுகிறது. பசி நிற்பதில்லையே! முதல் பேருந்தைப் பிடித்து வருவோருக்குக் காலைச் சாப்பாடு ஏது? வேதியியல் ஆய்வகத்தில் மூன்று மணி நேரம் நிற்கையில் பியூரெட்டைத் திருகும் கை நடுங்குகிறது. பார்ப்பவர்களுக்கு அது கவனக்குறைவு. பல நாள் அது வெறும் வயிறு.

கேட்டால், "சாப்பிட்டாச்சு" என்றே பதில் வரும். மானமுள்ளவர் வேறெப்படிச் சொல்வார்? ஆகவே கேட்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். எங்கள் வகுப்பு மாணவி ஒருவர் தம் டிபன் பாக்ஸைத் திறந்து, "அம்மா அதிகமாக வைத்துவிட்டார்கள், கொஞ்சம் எடுத்துக்கொள்" என்பார். அவருக்குப் பதவி ஏதுமில்லை. ஆயினும் அவர் சொன்னால் வகுப்பே கேட்கிறது.

பேரவை விழாவின் பொன்னாடைச் செலவில் ஒரு பகுதியைக் காலைச் சிற்றுண்டிக்கு ஒதுக்கலாமே? ஆய்வக நாட்களில் மட்டுமாவது தொடங்கலாம். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதைக் கேட்கவிருக்கிறேன்.