பழி பெண்ணுக்கு மட்டுமா?

கருப்பை வாய்ப் புற்றுநோய் என்ற பேச்சை எடுத்தாலே, "அது பெண்கள் சமாச்சாரம்" என்று எழுந்து போய்விடும் ஆண்கள் நம்மில் அநேகர். அந்நோய் கண்டவளின் நடத்தையைப் பற்றி லயத்தில் வாய் கூசாமல் பேசுகிறவர்களும் உண்டு. இரண்டும் அறியாமையே. இவ்வறியாமை உயிரைக் குடிக்கிறது என்பதனால்தான் இதைப் பற்றி எழுத முன்வந்தோம்.

அந்நோயை உண்டாக்குவது எச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமி. இவ்வுண்மையைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உடலுறவின்போது தோலோடு தோல் படுவதால் பரவும் இக்கிருமிக்கு ஆண், பெண் என்ற பேதமில்லை. 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் மூவரில் ஒருவருக்கு இக்கிருமித் தொற்று உண்டு என்றும், ஐவரில் ஒருவருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வகையே தொற்றியிருக்கிறது என்றும் 2023இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வொன்று கூறுகிறது. இக்கணக்கைப் பொருத்திப் பார்த்தால், காலைப் பெரட்டில் நிற்கும் முப்பது ஆண்களில் பத்துப் பேர்!

பீதி கொள்ளத் தேவையில்லை. பெரும்பாலோர் உடலிலிருந்து இக்கிருமி இரண்டாண்டுகளுக்குள் தானே நீங்கிவிடும். ஆனால் வேரில் நோய் கண்ட பால்மரம் இலை உதிரும்வரை வெளியே தெரியாது என்பதை நாமறிவோம். சிலரிடம் கிருமி வலியின்றித் தங்கி, பல்லாண்டுகளுக்குப் பின் ஆணுக்கும் ஆண்குறியிலோ, ஆசனவாயிலோ, தொண்டையிலோ புற்றுநோயாக வெடிக்கிறது. 2019இல் இக்கிருமியால் புற்றுநோய் கண்ட பெண்கள் சுமார் 6,20,000 பேர். ஆண்கள் சுமார் 70,000 பேர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எப்பொழுது, யாரிடமிருந்து தொற்றியது என்று எந்த வைத்தியராலும் சொல்ல இயலாது. அப்படியிருக்க, பழியை மனைவிமீது மட்டும் சுமத்துவது என்ன நியாயம்?

மலேசிய அரசாங்கம் 2010 முதல் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தடுப்பூசி போடத் தொடங்கியது பாராட்டுக்குரியது. ஆஸ்திரேலியா 2013இல் ஆண் பிள்ளைகளையும் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. தொழிலாளியின் மகனுக்கும் தடுப்பூசி இலவசமாகக் கிடைக்கவேண்டும். தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துப் போட நம் சம்பளம் இடங்கொடுக்குமா? கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு அரசாங்க கிளினிக் செல்லும் பெண் தொழிலாளிக்கு, அன்றைய சம்பளத்தைப் பிடிக்காமல் நிர்வாகம் அனுமதி தரவேண்டும். இவை சலுகைகளல்ல, உரிமைகள்.

சகோதரர்களே! கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. ஆறாத புண், கட்டி, இரத்தக் கசிவு, நீங்காத தொண்டை வலி, கழுத்தில் வீக்கம் ஆகியவற்றை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். ஆபத்தைப் பெருக்கும் புகையை விடுங்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் தயங்காமல் கையெழுத்திடுங்கள். பரிசோதனைக்குப் போகும் மனைவியைத் தனியே அனுப்பாமல் நீங்களும் உடன் செல்லுங்கள். நோயில் பங்குள்ள நமக்கு அதைத் தடுப்பதிலும் பங்குண்டு.