நூறில் இருபது பேர்

2024 ஜூலை 4ஆம் தேதி பிரிட்டனில் பொதுத்தேர்தல். இரவு பத்து மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. பொழுது விடிவதற்குள், நாடு இடதுபக்கம் சாய்ந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அடுத்த மே மாதம் இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி 677 இடங்களைப் பிடித்ததும், நாடு வலதுபக்கம் பாய்ந்துவிட்டது என்றார்கள். பத்தே மாதத்தில் ஒரு தேசத்தின் மனம் இப்படிப் புரளுமா? இரண்டு தீர்ப்புமே பிழை. இடங்களின் எண்ணிக்கையை மக்களின் மனமாக வாசிக்கும் பழக்கத்தில் பிறந்த பிழை அது.

தொழிலாளர் கட்சி 2024இல் வென்றது 650க்கு 411 இடங்கள். கிடைத்த வாக்கோ 33.7 சதவீதம்தான். ஜெரமி கோர்பின் தலைமையில் அதே கட்சி மண்ணைக் கவ்விய 2019இல் 32.1 சதவீதம் வாங்கி 202 இடங்களோடு நின்றது. தலைகளை எண்ணினால் இன்னும் விளங்கும். தோற்ற ஆண்டில் ஒரு கோடியே இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்கு. வென்ற ஆண்டில் 97 லட்சம். வாக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் குறைய, இடம் இரண்டு மடங்காகப் பெருகியிருக்கிறது. இதில் இடதுபக்கச் சாய்வு எங்கே இருக்கிறது?

தென்மேற்கு நார்ஃபோக் தொகுதிக்குள் போய்ப் பாருங்கள். முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் 2019இல் 26,195 வாக்கு வித்தியாசத்தில் வென்ற இடம். 2024இல் தொழிலாளர் கட்சியின் டெரி ஜெர்மிக்கு 11,847, டிரஸ்ஸுக்கு 11,217. ரிஃபார்ம் வேட்பாளர் பத்தாயிரத்தை நெருங்கினார். டிரஸ்ஸை வீழ்த்தவென்றே நின்ற பழைய கன்சர்வேட்டிவ்காரர் ஒருவர் சுயேச்சையாக ஆறாயிரத்துக்கு மேல் பிரித்துக்கொண்டு போனார். ஜெயித்தவருக்கு விழுந்தது 26.7 சதவீதம். அந்த ஊர் இடதுசாரி ஆகிவிடவில்லை. எதிர்முகாம் மூன்றாக உடைந்தது, அவ்வளவுதான்.

சரி, கன்சர்வேட்டிவ் கட்சியின் 23.7ஐயும் ரிஃபார்மின் 14.3ஐயும் கூட்டினால் 38 வருகிறதே, அப்படியானால் பிரிட்டன் வலதுசாரி நாடுதானே என்கிறார்கள் எதிர்த்தரப்பினர். தொழிலாளர் கட்சி, லிபரல் டெமாக்ரட், பசுமைக் கட்சி மூன்றையும் கூட்டினால் ஐம்பதைத் தாண்டும். கூட்டுகிறவர் கை எங்கே போகிறதோ அங்கே விடை போகும். வாக்காளர் கையில் இருப்பது ஒரு பென்சில். அதைக்கொண்டு ஒரே ஒரு பெருக்கல் குறி போடலாம். கொள்கைக்காகப் போட்டாரா, உள்ளூர் எம்.பி.யை வீட்டுக்கு அனுப்பப் போட்டாரா என்பதை அந்தக் குறி சொல்லாது. 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுக்கு 72 இடம், அதைவிடக் கூடுதலாக வாங்கிய ரிஃபார்முக்கு 5 இடம் என்றால், அளவுகோலே கோணல்.

2025 மே 1 அன்று ரன்கார்ன் இடைத்தேர்தலில் ரிஃபார்ம் வென்றது ஆறு வாக்கில். ரிஃபார்முக்குப் போட்டவர்களில் நாலு பேர் தொழிலாளர் கட்சிக்கு மாற்றிப் போட்டிருந்தால் முடிவு தலைகீழ். அந்த நாலு பேரை வைத்தா ஒரு நாட்டின் சாய்வைச் சொல்வது?

இது வெறும் கணக்குச் சண்டை அல்ல. 411 இடங்களை மக்களின் முழு ஆணை என்று நம்பிய கியர் ஸ்டார்மர் அரசு, பதவியேற்ற மாதமே முதியோருக்கான குளிர்கால எரிபொருள் உதவித்தொகையில் கை வைத்தது. தேர்தல் அறிக்கையில் அப்படி ஒரு வார்த்தையும் கிடையாது. ஏறத்தாழ ஒரு கோடி முதியவர்கள் ஒரு குளிர்காலம் முழுக்க அந்தப் பணம் இல்லாமல் இருந்தார்கள். 2025 ஜூனில்தான் அரசு பின்வாங்கியது. பெரும்பாலோருக்கு உதவி திரும்பியது.

‘மக்கள் ஆணை’ என்று இனி யாராவது சொன்னால் ஒரு கணக்கைக் கேளுங்கள். 2024இல் வாக்காளர் பட்டியலில் இருந்த ஒவ்வொரு நூறு பேரிலும் நாற்பது பேர் வாக்களிக்கவே இல்லை. தொழிலாளர் கட்சிக்குப் போட்டவர்கள் இருபது பேர்.