சிப்பியில் மறைந்திருக்கும் வைரஸ்: பழைய சோதனை போதுமா?

உணவும் குடிநீரும் சுத்தமானவையா என்று அறிய நெடுங்காலமாகக் கையாளப்படும் முறை, மலத்தில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை எண்ணிப் பார்ப்பதாகும். அதன் எண்ணிக்கை குறைவாக இருந்தால் பண்டம் தேறிவிடும். வைரஸ் கிருமிகள் விஷயத்தில் இந்தத் தேர்வை நம்பியிருக்க முடியாது.

டில்லி தந்த பாடம்

1955-ஆம் ஆண்டு இறுதியில், டில்லிக்குக் குடிநீர் எடுக்கப்படும் யமுனை நதிப் பகுதியில் சாக்கடை நீர் கலந்தது. அதிகாரிகள் குளோரின் அளவைக் கூட்டினர். டைபாய்டு போன்ற பாக்டீரியா நோய்கள் பெருகவில்லை. ஆயினும் சில வாரங்களுக்குள் சுமார் 29 ஆயிரம் பேர் மஞ்சள் காமாலையில் படுத்தனர். பாக்டீரியாவை அடக்கிய மருந்துக்கு வைரஸ் அடங்கவில்லை.

1988-இல் சீனாவின் ஷாங்காய் நகரில் ஏறத்தாழ 3 லட்சம் பேரை ஹெபடைடிஸ் ஏ பீடித்தது. கழிவுநீர் கலந்த கடற்கரையில் எடுத்த மட்டிகளை அரைவேக்காட்டில் உண்டதே காரணம். ஆய்வாளர்கள் அந்த மட்டிகளிலேயே வைரஸைக் கண்டுபிடித்தனர்.

சிப்பியும் மட்டியும் தண்ணீரை வடிகட்டியே இரை தேடுகின்றன. நீரிலுள்ள வைரஸ் அவற்றின் குடலில் சேர்ந்துவிடுகிறது. சுத்தமான நீர்த்தொட்டியில் விட்டால் பாக்டீரியா விரைவில் வெளியேறும். வைரஸோ வாரக்கணக்கில் தங்கும். ஆகவே ஈ.கோலை சோதனையில் தேறிய சிப்பியும் நோய் தரலாம்.

சோதனை எப்படி?

வைரஸ் உணவில் பெருகுவதில்லை. எண்ணிக்கையும் மிகச் சொற்பம். எனவே ஆய்வுக்கூடத்தில் சிப்பியின் செரிமானச் சுரப்பியை மட்டும் வெட்டியெடுத்து, நொதியால் கரைத்து, வைரஸின் மரபுப் பொருளைப் பிரித்து, பி.சி.ஆர். முறையில் பன்மடங்கு பெருக்கிக் காண்கிறார்கள். நடுவில் எவ்வளவு வைரஸ் விரயமாயிற்று என்று கணக்கிட, வேறொரு வைரஸைத் தெரிந்த அளவில் முன்னதாகவே சேர்த்துவிடுகிறார்கள். நோரோவைரஸ், ஹெபடைடிஸ் ஏ இரண்டுக்கும் இந்த முறையைச் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 2017-இல் வகுத்து வெளியிட்டது.

இதிலும் ஒரு குறை உண்டு. உயிருள்ள வைரஸையும் செத்த வைரஸையும் பி.சி.ஆர். பிரித்தறியாது. செலவும் அதிகம்; தேர்ந்த ஆட்களும் வேண்டும்.

யாருக்கு நஷ்டம்?

ஹெபடைடிஸ் ஏ உடலில் புகுந்து நோயாக வெளிப்பட 15 முதல் 50 நாட்கள் ஆகும். அதற்குள் உண்ட பண்டமும் இராது. விற்றவரும் நினைவில் இரார். கொங்கணத்திலும் மலபாரிலும் மட்டியும் கல்லுமக்காயும் அன்றாட உணவு. வெளியூரில் மெஸ்ஸை நம்பி வாழும் தொழிலாளிக்குக் காமாலை வந்தால், பல வாரக் கூலி போகும். ஊருக்கு அனுப்பும் பணமும் நின்றுவிடும்.

நோயாளிகள் பெருகிய பின் சோதிப்பதைவிட, சிப்பி எடுக்கும் கழிமுகங்களை முன்கூட்டியே சோதிப்பதும், அங்கே சாக்கடை கலவாமல் தடுப்பதுமே மேல். அதுவரை அடுப்புதான் காவல். ஓடு திறந்ததும் இறக்கிவிடாமல், உள்சதை 90 டிகிரி சூட்டில் குறைந்தது ஒன்றரை நிமிடம் வேக வேண்டும். சமைப்பவர் சோப்பிட்டுக் கை கழுவுவதும் அதே அளவு அவசியம்.